ஏரிக்கரை நிறுத்தம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தன் வீட்டில் எலி இருப்பது தரணேந்திரனுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பும் இருந்திருக்கும். பஸ் நடத்துநராக, நின்றுகொண்டே ஊர் ஊராக ஓடிய மனிதர் அவர். வீடு என்பது இரண்டு சவாரிகளுக்கு நடுவில் வரும் ஒரு நிறுத்தம். சாப்பிடுவார், தூங்குவார், காதில் விசில் சத்தம் அடங்குவதற்குள் கிளம்பிவிடுவார். வேலை நின்றதும் உலகத்துச் சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போய், கடைசியில் பூஜைப் பலகைக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு சுரண்டல் மட்டும் அவர் காதுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

தெருவே சமணர் தெரு. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிடுகிற வீடு. எலியைக் கொல்வது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஆனால் எலி போயாக வேண்டும். அது போனால்தான் அவர் போக முடியும்.

அந்த மழைக்காலத்துக்குத் தெருக்கோயிலில் சாரமதி மாதாஜி தங்கியிருந்தார். மற்ற மாதங்களில் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்கும் துறவி. மண்ணில் புழுவும் முளையும் மிதிபடும் என்பதற்காக மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார். இன்னும் நாற்பது ஆகவில்லை. வெள்ளைச் சேலை, ஒரு கமண்டலம், உட்காரும் இடத்து எறும்பை மெல்ல விலக்குவதற்கு மயில் உதிர்த்த இறகுகளில் கட்டிய ஒரு பீலி. அவ்வளவுதான் அவருடைய உடைமை. வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த தன் ஒரே மகளைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவராக இருப்பார் என்று தரணேந்திரன் நினைத்துக்கொள்வார். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்தால் தரணேந்திரனின் கால் ஆடாமல் இருந்தது. எங்கேயும் ஆடாமல் இருந்ததில்லை அந்தக் கால்.

தீபாவளி முடிந்து மாதாஜி புறப்படும்போது, வீட்டை விட்டு, துறவுக்கான விரதம் ஏற்றுக் கூடவே நடந்துவிடுவது என்று தரணேந்திரன் முடிவு செய்தார்.

மனைவி சம்மதம் இல்லாமல் விரதம் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஒரு நாள் காலையில் கேட்டார். மருதேவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கிளம்பட்டுமா என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. தெருவே பேசிக்கொண்டிருந்த விஷயம்தான். கழுநீரை வடித்தாள். "சரி" என்றாள்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு அப்போதே கோயிலுக்குப் போய் மாதாஜியிடம் சொல்லிவிட்டார். கோயில் நடந்து போகிற தூரம்தான்.

மாதாஜி கேட்டுக்கொண்டார். தினமும் சாமாயிகம் உட்காருகிறீர்களா என்று விசாரித்தார். மனதை அடக்கி இரண்டு நாழிகை அசையாமல் அமரும் வழிபாடு அது. தரணேந்திரன் தலையைச் சொறிந்தார். உட்கார்வதாகவும் பாதியில் எழுந்துவிடுவதாகவும் சொன்னார்.

"எதுக்கு எழுந்திருக்கறீங்க?"

"எலி, மாதாஜி. கண்ணை மூடினா சுரண்டுது."

"எலி இல்லன்னா உக்காந்துடுவீங்களா?"

"கண்டிப்பா."

"அப்ப உங்க வீட்டிலேயே ஒரு தடவை உக்காந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அன்றைக்கே கடைவீதிக்குப் போய் ஒரு கம்பிக்கூண்டு வாங்கி வந்தார். கடைக்காரன் ஒட்டுப்பலகையைத்தான் முதலில் எடுத்து நீட்டினான். எலி அதில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தும் என்று பக்கத்து வீட்டுப் பேச்சில் கேட்டிருந்த தரணேந்திரன், அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கூண்டில் அடிபடாது. உள்ளே ஒரு துண்டுத் தேங்காய், கதவு விழும், எலி முழுசாக இருக்கும். மொபெட்டின் முன்னால் வைத்து, ஊரைத் தாண்டி, மூடிக் கிடந்த செங்கல் சூளையையும் தாண்டி, ஏரிக்கரையில் கதவைத் திறந்துவிட்டால் ஆயிற்று. ரத்தம் இல்லை, பாவம் இல்லை.

மருதேவிக்குச் சிரிப்பு. கூண்டோடு அவர் வாசல்படி இறங்கும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தனை டிக்கெட்?" என்பாள். ஒருநாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா? கைக்குழந்தைக்கு இலவசம்தானே?" என்றாள். அவரும் சளைக்காமல், எல்லாம் ஏரிக்கரை நிறுத்தம், நடுவில் எங்கேயும் நிற்காது என்று பதில் சொன்னார்.

கிண்டலுக்கு நடுவில் அவள் வேறொன்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்சுவரில் மூன்று இடத்தில் துளை இருக்கிறது, கொஞ்சம் சிமெண்ட் வாங்கி வாருங்கள் என்றாள். மூட்டையில் இருக்கும் மாவையும் பருப்பையும் டின்னில் கொட்டி மூடலாம் என்றாள். பூஜைப் பலகையில் அவர் காலையில் அட்சதை அரிசியால் குவிக்கும் சுவஸ்திகத்தையும் பிறையையும் மாலையிலேயே வழித்து எடுத்துவிடலாம் என்றாள். சாமிக்கு வைத்ததை அன்றைக்கே வழிப்பதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அரிசி இராத்திரி முழுக்கப் பலகையிலேயே இருந்தது. சிமெண்டுக்கு நாளைக்கு, நாளைக்கு என்றார்.

உண்மையில் அந்தச் சவாரி அவருக்குப் பிடித்திருந்தது. காலைக் காற்றில் வண்டி ஓட்டிப் போகவும், ஒரு பயணியை இறக்கிவிட்டுத் திரும்பவும் ஒரு காரணம் கிடைத்திருந்தது.

கரையில் தினமும் ஒரு செண்பகப் பறவை கண்ணில் படும். கருத்த உடம்பு, செம்மண் நிறச் சிறகு, சிவந்த கண். பறக்காமல், ஏதோ யோசனையில் இருப்பவரைப் போல நடந்தே வரும். செண்பகத்தைப் பார்ப்பது நல்ல சகுனம் என்று அவருடைய அம்மா சொல்லுவாள். எடுத்த காரியம் கைகூடும் என்று நினைத்துக்கொண்டு அவர் கையைக் குவித்துவிட்டு வண்டியைத் திருப்புவார்.

ஒன்று போனால் இன்னொன்று வந்தது. பலகைக்குப் பின்னால் சுரண்டல் நிற்கவில்லை. அவர் உட்காருவார், எழுவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், மறுபடியும் உட்காருவார். அதற்குள் பால்காரர் வந்துவிடுவார். மழை மாதங்கள் கரைந்துகொண்டிருந்தன. கடைவீதியில் பட்டாசுக் கடை போடக் கொம்பு நட்டுவிட்டார்கள். இந்த எலியால் தன் பஸ் போய்விடும் என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுபடியும் மாதாஜியிடம் போனார். கொல்லாமல் எலியை ஒழிக்க வேறு என்ன வழி என்று கேட்டார்.

மாதாஜி பீலியின் காம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். எலி எதற்கு வருகிறது என்றார். தின்ன வருகிறது என்றார் இவர். தின்ன என்ன இருக்கிறது? தரணேந்திரன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சலித்த கோதுமை மாவு, உடைத்த பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, வெல்லம், எல்லாம் மூட்டையும் கூடையுமாக. மாதாஜிக்கு ஒரு நாள் உணவு கொடுக்கும் பாக்கியம் கிடைத்தால் குறை இருக்கக்கூடாதே என்று மழைக்காலம் தொடங்கும்போதே வாங்கி வைத்தது.

மாதாஜி சிரித்துவிட்டார். "அப்படின்னா எலியை வரவழைச்சது நான்தான்."

இவர் பதறி, அப்படிச் சொல்லக்கூடாது மாதாஜி என்றார்.

"பிடிச்சதை எங்க விடறீங்க?"

"ஏரிக்கரையில."

"அங்க யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல மாதாஜி. ஒரு செண்பகம் மட்டும். தினமும் கண்ணுல படுது. நல்ல சகுனம்."

மாதாஜி பீலியைக் கீழே வைத்தார்.

"விட்ட பிறகு அங்க எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

தரணேந்திரனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதுக்கு நிக்கணும்? இறக்கி விட்டதும் வந்துடுவேன்."

"நாளைக்கு நின்னு பாருங்க" என்றார் மாதாஜி.

மறுநாள் நிற்க முடியவில்லை.

முந்தைய நாள் மாதாஜி உணவு இல்லாமல் திரும்பியிருந்தார். சமணத் துறவிகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே வேளை. மனதுக்குள் ஏதோ ஓர் அடையாளத்தை நினைத்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள். எந்த வாசலில் நிற்பவரிடம் அந்த அடையாளம் இருக்கிறதோ அங்கே நிற்பார்கள். இல்லையென்றால் அன்றைக்குப் பட்டினி. என்ன அடையாளம் என்று யாரிடமும் சொல்வதில்லை. அன்று எந்த வாசலிலும் அது அமையவில்லை. அதனால் மறுநாள் ஒவ்வொரு வீட்டிலும் பரபரப்பு.

அந்தக் காலையாகப் பார்த்துத்தான் கூண்டில் பெரிய எலி ஒன்று விழுந்திருந்தது. கனத்த உடம்பு. கம்பியைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வீட்டின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மருதேவி அடுப்பில் வேலையாக இருந்தாள். அப்புறம் கொண்டு போகலாமே என்று உள்ளிருந்தே சொன்னாள். மாதாஜி வருகிற நேரத்தில் வீட்டில் எலியை வைத்துக்கொள்வதா என்று இவர் பறந்தார். ஏரிக்கரையில் கதவைத் தூக்கினார், கூண்டைத் தட்டினார், எலி விழுந்ததா ஓடியதா என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். செண்பகம் புதர் ஓரத்தில் நின்றது. இன்றைக்கு மாதாஜி நம் வீட்டுக்குத்தான் என்று அவர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

வந்து குளித்து, ஈரம் பிழிந்த வேட்டியோடு வாசலில் நின்றபோது கையில் ஏந்த வேண்டிய தேங்காயை மறந்தே போயிருந்தார். மருதேவி உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

மாதாஜி தெருமுனையில் திரும்பினார். வீட்டுக்கு வீடு அழைத்தார்கள். தலை குனிந்தபடி வந்தவர் இவர்கள் வாசலில் நின்றார்.

தரணேந்திரனும் மருதேவியும் படியிறங்கினார்கள். மூன்று முறை வலம் வந்தார்கள். முறைப்படி சொல்ல வேண்டியதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மனம் சுத்தம், வாக்கு சுத்தம், உடம்பு சுத்தம், உணவும் நீரும் சுத்தம். உள்ளே வந்து அருள வேண்டும்.

மாதாஜி மணைமேல் உட்கார்ந்து, இரு கைகளையும் குவித்தார். அந்தக் கைகள்தான் அவருக்குப் பாத்திரம். மருதேவி முதலில் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றினாள். இரண்டு நாள் வறண்ட தொண்டைக்குள் நீர் இறங்குவது எதிரில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. பிறகு பருப்புச் சோறு ஒரு பிடி. இன்னொரு பிடி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசல்படியில் நின்று கைகூப்பிப் பார்த்தார்கள்.

அப்போது அது கேட்டது.

பூஜைப் பலகைக்குக் கீழிருந்து வந்தது. சுரண்டல் இல்லை. ஊசியால் கண்ணாடியில் கோடு இழுப்பதுபோல் மெல்லிய ஒரு கீச்சு. நின்றது. மறுபடியும் வந்தது. ஒன்றல்ல, பல.

தரணேந்திரனின் காது எவ்வளவு பழகிய காது. முதலில் அவருக்குத்தான் கேட்டது. என்ன என்று புரிவதற்கு முன்பே அவர் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உரக்கச் சொல்லத் தொடங்கினார். பஸ்ஸில் கடைசி வரிசை வரைக்கும் எட்டிய குரல். மருதேவி திரும்பிப் பார்த்தாள். படியில் நின்றவர்களும் பக்தி என்று நினைத்துச் சேர்ந்து சொன்னார்கள்.

மந்திரம் எவ்வளவு நீளம்தான் இருக்கும். மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அந்தக் கீச்சு, அறைக்குள் வேறு எதுவும் இல்லாதது போல் ஒலித்தது.

மாதாஜி குவித்திருந்த கைகளைப் பிரித்தார். சோறு கீழே வைத்திருந்த தட்டில் விழுந்தது.

உண்ணும்போது ஓர் உயிர் வேதனையில் கதறுவது காதில் விழுந்தால் உணவுக்கு அந்தராயம், அதாவது தடை. அத்தோடு சரி. தண்ணீர்கூட அடுத்த நாள்தான். படியில் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாதாஜி மட்டும் முகம் மாறாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"எங்கன்னு பாருங்க" என்றார்.

மருதேவி பலகையை நகர்த்தினாள். கீழே இருந்த மரப்பெட்டியின் மூலை கடித்துத் திறந்திருந்தது. விரதம் ஏற்கும் நாளில் உடுத்துவதற்கென்று தரணேந்திரன் வாங்கி மடித்து வைத்திருந்த புது வெள்ளை வேட்டி உள்ளே இருந்தது. அதன் ஒரு முனை பஞ்சு பஞ்சாகக் கிழிபட்டு வட்டமான கூடாகியிருந்தது. கூட்டுக்குள் இளஞ்சிவப்பாக, கண் திறக்காத குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன.

"இதுகளோட அம்மா எங்க?" என்றாள் மருதேவி. கேட்ட பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

மாதாஜி கமண்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தரணேந்திரனுக்கு நிற்க ஒரு தரை கிடைத்திருக்கும்.

அவர் வண்டியை எடுத்தார்.

ஏரிக்கரையில் வெயில் ஏறியிருந்தது. கூண்டைத் தட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் அணைவதற்கு முன்பே புதருக்குள் சருகு அசைந்தது. எலி அங்கேயே பதுங்கியிருக்கிறது என்று நினைத்தார்.

செண்பகம் வெளியே வந்தது. பயப்படவில்லை. நடந்து, தினமும் அவர் கூண்டுக் கதவைத் திறக்கும் அதே இடத்துக்கு வந்து நின்றது. தலையைச் சாய்த்து அந்தச் சிவந்த கண்ணால் அவர் கையைப் பார்த்தது. அப்புறம் மொபெட்டின் முன்பக்கத்தைப் பார்த்தது. மறுபடியும் கையைப் பார்த்தது.

பக்கத்தில் ஒரு தட்டைக் கல். கல்லின்மேல் ஒரு வால் மட்டும் கிடந்தது.

வெகுநேரம் அவர் அங்கே நின்றார். கடைசியில் பறவைதான் சலித்துப்போய் விலகிச் சென்றது.

வீட்டுக்கு வந்தபோது மருதேவி தரையில் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த வேட்டி மடியில். விளக்குத் திரியைப் பாலில் நனைத்து ஒவ்வொரு வாயாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். சமைத்தது எதையும் அவள் தொடவில்லை.

"குடிக்குதா?" என்றார்.

"ஒண்ணு குடிக்குது. மத்ததுக்கு வாய் எங்க இருக்குன்னே தெரியல." நிமிராமல் கேட்டாள். "கிடைச்சுதா?"

அவர் எதிரில் உட்கார்ந்து இன்னொரு திரியை எடுத்தார்.

பகல் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்தார்கள். பால் ஆற ஆறச் சூடு பண்ணினார்கள். குட்டிகளின் உடம்பு ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. குடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்று கடைசி வரைக்கும் குடித்துக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அதுவும் நிறுத்திவிட்டது.

முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளி மூடும்போது மருதேவி பக்கத்தில் நின்றாள்.

"இதுக பிழைச்சா வீட்லயே இருந்துட்டுப் போகட்டும்னுதான் நினைச்சேன்" என்றாள். "நீங்க போனப்புறம் வீட்ல ஏதோ ஒண்ணு அசைஞ்சுக்கிட்டிருக்கும்."

கையெல்லாம் மண்ணாக இருந்தது. அவர் கை கழுவப் போனார்.

மறுநாள் கோயிலில் மாதாஜியின் முன்னால் விழுந்து, பிராயச்சித்தம் வேண்டும் என்று கேட்டார். எத்தனை நாள் பட்டினி கிடக்கச் சொன்னாலும் கிடப்பதாகச் சொன்னார். மாதாஜியின் உதடு வெடித்திருந்தது. அன்றைய உணவுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை.

"துளையை அடைங்க."

தரணேந்திரன் நிமிர்ந்தார். "இதுவா தண்டனை?"

"தண்டனை இல்ல. நீங்க அன்னைக்கு வழி கேட்டீங்களே, அதுக்குப் பதில்."

கூண்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். மொபெட்டில் சிமெண்ட் வந்தது, மூடி போட்ட டின்கள் வந்தன. மூட்டை எல்லாம் டின்னுக்குள் போயிற்று. பூஜை அரிசியைப் பொழுது சாய்வதற்கு முன் தானே வழித்து எடுத்து, கோயில் மதிலில் குருவிகளுக்கு வைத்தார். முதல் நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வழித்தார். பிறகு பழகிவிட்டது.

துளைகளை அவர் அவசரப்பட்டு அடைக்கவில்லை. உள்ளே யாராவது இருந்தால்? ஒவ்வொரு துளை வாயிலிலும் மாலையில் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி வைத்தார். விடிந்ததும் குப்புறப் படுத்துப் பார்ப்பார். புள்ளி வைத்தது போல் சின்னக் கால் தடங்கள். உள்ளே போனதா, வெளியே வந்ததா? இரண்டும் இருந்தால் அன்றைக்கு அடைப்பு இல்லை. மருதேவி காபியை நீட்டிக்கொண்டே, "செக்கிங் முடிஞ்சுதா?" என்பாள். வெளியே போன தடம் மட்டும் இருந்து, மறுநாள் காலையிலும் பொடி கலையாமல் இருந்தால், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசினார். கடைசித் துளைக்குத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. ஏதோ ஒன்று, போவதும் வருவதுமாகப் பிடிவாதம் பிடித்தது. தின்ன ஒன்றும் இல்லை என்று அதற்கும் ஒருநாள் விளங்கியது. போன தடம் மட்டும் இருந்தது.

தீபாவளி வந்தது. கோயிலில் மகாவீரர் முக்தி பெற்ற பூஜை நடந்து, தெரு அகல்விளக்குகளால் நிறைந்து, எண்ணெய் வற்றியது. மாதாஜி புறப்படும் நாளைச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்தைய காலை தரணேந்திரன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். சுரண்டல் இல்லை. கீச்சு இல்லை. ஓட்டின் மேல் அணில்கூட ஓடவில்லை. அடுப்படியிலும் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது இரண்டு நாழிகைக்கு மேலேயே ஆகியிருந்தது. சந்தோஷமாக எழுந்து அடுப்படிக்குப் போனார். மருதேவி அடுப்பைப் பற்ற வைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துவிட்டேன் என்றார். பார்த்தேன் என்றாள்.

புறப்படும் நாள் காலையில் அவள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே அந்த வெள்ளை வேட்டி. எலி கடித்த முனையை வெள்ளை நூலால் நெருக்க நெருக்க இழையோட்டித் தைத்திருந்தாள். கையால் தடவினால்தான் தையல் தெரியும். எப்போது தைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது. தெருவே கோயில் முன்னால் திரண்டிருந்தது. மருதேவி அங்கே வரவில்லை. தெருக்கோடியில் தங்கள் வீட்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாதாஜி ஒரு கையில் பீலியும் மறு கையில் கமண்டலமுமாக வெளியே வந்தார். எல்லோரும் வணங்கி விலகினார்கள். தரணேந்திரன் முன்னால் போய் விழுந்து எழுந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"எலி?" என்றார் மாதாஜி.

"போயிடுச்சு மாதாஜி. தானாவே போயிடுச்சு."

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன். ரெண்டு நாழிகைக்கு மேல. அசையவே இல்ல." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"வீட்ல?"

"அன்னைக்கே சரின்னு சொல்லிட்டா. நான்தான் உடனே வந்து உங்ககிட்ட சொன்னேனே."

மாதாஜி அவர் தோளுக்குப் பின்னால், தெருவின் கோடியைப் பார்த்தார். பிறகு குனிந்து, அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்தைப் பீலியால் மெல்ல வருடினார்.

"அவங்க சரின்னு சொன்ன பிறகு" என்றார், "அங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?"